சிங்கவரம் வேனும் கருப்பு மருதாணியும்

ரிட்டயர்டு வேன் ஆயா. வயசு இருவத்தாறு. சிரிக்கிறவங்க மொதல்ல சிரிச்சு முடிச்சிடுங்க, நான் வெயிட் பண்றேன்.

முடிஞ்சுதா? சரி, மேட்டருக்கு வரேன்.

செஞ்சில நான் வேலை பாத்த ஸ்கூல்ல இந்த வருஷம் புது பஸ் வாங்கிட்டாங்க. உள்ள கேமரா, கதவாண்ட கார்டு தட்டுனா அம்மா போனுக்கு மெசேஜ் போயிடும், செம கெத்து. அதுல புள்ளைங்கள ஏத்தி எறக்க புதுசா ரெண்டு பொண்ணுங்கள எடுத்துருக்காங்க. நான் போன மாசம்தான் அந்த வேலைய விட்டுட்டு திண்டிவனத்துல ஒரு லேப்ல சேந்தேன். அந்த ரெண்டும் தெனம் மெசேஜ் போடுதுங்க. "அக்கா, மறுபடியும் ஊர்ல ஜொரம் சுத்துது, அம்மாங்க எல்லாம் டென்ஷன் பண்றாங்க, கொரோனா டைம்ல நீங்க எப்டிக்கா சமாளிச்சீங்க?" வாய்ஸ் நோட்டா அனுப்பி அனுப்பி என் தொண்ட கட்டிக்கிச்சு. அதான் மொத்தமா டைப் பண்ணிடறேன். திருத்தியெல்லாம் எழுத மாட்டேன். புரிஞ்சா போதும்.

நான் வேலைக்கு வந்த கத ரொம்ப சின்னது. பி.எஸ்.சி. மைக்ரோபயாலஜி. கடைசி செமஸ்டர் பூரா மொட்ட மாடில சிக்னல் தேடிக்கினே எழுதுனேன். டிகிரி வந்துச்சு, வேலை வரல. ஸ்கூல் மறுபடி தொறக்கறாங்க, வேனுக்கு வேனு ஒரு ஆள் வேணும், டெம்பரேச்சர் பாக்கத் தெரிஞ்சா நல்லதுன்னு சொன்னாங்க. போயி நின்னேன். எடுத்துக்கினாங்க. வீட்ல எங்கம்மா ஒரு நாள் பூரா பேசல. அடுத்த நாள் பேசுனாங்க, பேசாமலே இருந்திருக்கலாம். "கிருமியப் பத்தி படிச்சிட்டு ஆயா வேலைக்குப் போறியாடி?" நான் சொன்னேன், "கிருமி இப்ப வேன்லதான் போவுதும்மா, நானும் அது பின்னாடியே போறேன்." நைனா மட்டும் சிரிச்சாரு. ட்ரெயினிங்கு ஒரே ஒரு காலைல முடிஞ்சிடுச்சு. குடுத்தது நசீமா மிஸ்.

நசீமா மிஸ்ஸ பத்தி கொஞ்சம் நின்னு சொல்லணும். மேக்ஸ் டீச்சர். பஜார்ல அவங்க வூட்டுக்காரருக்கு பாத்திரக் கடை. டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ் வேலைய யாரும் வாங்கிக்கல, மீட்டிங்ல எல்லாரும் தலைய குனிஞ்சுக்கினாங்களாம், இவங்க குனிய மறந்துட்டாங்களாம். அப்டித்தான் அவங்களே சொல்லுவாங்க. குரல் ஏறவே ஏறாது. எல்கேஜி புள்ளையக் கூட "வாங்க, உக்காருங்க"ன்னுதான் கூப்புடுவாங்க. என்ன மட்டும் வா, போ. ஆனா ஒரு கேள்வி வெச்சிருந்தாங்க பாருங்க. நீங்க எது சொன்னாலும், "கண்ணால பாத்தியா? இல்ல யாரும் சொன்னாங்களா?"

"மிஸ், எல்லாம் மாஸ்க் போட்ருக்காங்க."

"கண்ணால பாத்தியா?"

"பாத்தேன் மிஸ்."

"மூக்கு மேலயா, தாட மேலயா?"

"...இருங்க மிஸ், இன்னொரு தபா பாத்துட்டு வரேன்."

ஒரு நாள் கடுப்புல சொன்னேன், "மிஸ், வண்டி கெளம்பிடுச்சு." அதுக்கும் கேட்டாங்க, கண்ணால பாத்தியான்னு. "மிஸ், நான் வண்டி உள்ளதான் குந்தினு இருக்கேன்!" அவங்க "அப்ப சரி"ன்னு வெச்சிட்டாங்க. டிரைவர் செல்வம் அண்ணன் ஸ்டியரிங் மேல தலைய வெச்சு சிரிச்சாரு.

அவங்க சொன்ன முற எல்லாம் எனக்கு இன்னும் மனப்பாடம். புதுப் பொண்ணுங்களுக்காக சொல்றேன், கேட்டுக்கோங்க. புள்ளைங்க வயக்காட்டு வழியா ஓடி வரும், வேன் வந்துடுச்சேன்னு. வந்த ஒடனே டெம்பரேச்சர் துப்பாக்கிய நீட்டுனா எல்லாத்துக்கும் ஜொரம்தான் காட்டும். அதனால மொதல்ல புளிய மர நெழல்ல நிக்க வெக்கணும். மூச்சு அடங்குனதும் பாக்கணும். நெத்தில திருநீறு, சந்தனம், குங்குமம் எல்லாம் இருக்கும், அது மேல பாத்தா ரீடிங் தப்பா வரும். அதுக்காக துடைக்கப் போனீங்கன்னா அம்மாக்காரி சண்டைக்கு வருவா. மிஸ் சொன்னாங்க: "நெத்தில கை வெக்காத. கன்னப்பொறில புடி. சாமிக்கும் சங்கடம் இல்ல, மிஷினுக்கும் சங்கடம் இல்ல." மூணு பேரு சீட்டுல ரெண்டு ஓரத்துல ரெண்டு பேரு, நடுவுல காலி. மழ பேஞ்சாலும் ஒரு பக்க ஜன்னல் தொறந்தே இருக்கணும், நனையறது நானா இருக்கணும். அப்புறம் விரல்ல மாட்டுற கிளிப்பு, ரத்தத்துல ஆக்சிஜன் எவ்ளோ இருக்குன்னு காட்டுமே அது. கொரோனா டைம்ல எல்லா வீட்லயும் ஃபேமஸ் ஆச்சே, அதான்.

கடைசியா ஒண்ணு. அத சொல்லும்போது மட்டும் என் முகத்தப் பாத்து சொன்னாங்க. "ஒரு புள்ளைய ஏத்த முடியாதுன்னு ஆச்சுன்னா, ரோட்ல விட்டுட்டு வராத. ஒரு பெரியவங்க கையப் புடிச்சு, அவங்க கையில குடுத்துட்டு, அப்புறம்தான் வண்டி எடுக்கணும்."

சரி, இப்ப தீபாவளி மேட்டர்.

லீவு முடிஞ்சு மொத நாள். சிங்கவரம் ஸ்டாப்பு. அம்மாங்க பாதி பேரு தூக்கம் கலையாம நிக்கறாங்க. புள்ளைங்க பையில ஸ்வீட் டப்பா. லைன்ல மொதல்ல நின்னது வெண்ணிலா, எட்டாங்கிளாஸ், ஒல்லியா, இறுக்கிப் பின்னுன ரெட்ட ஜட. கிளிப்ப மாட்டுனேன். எம்பத்தாறு.

எனக்கு குப்புனு ஆயிடுச்சு. தொண்ணூத்தஞ்சுக்கு மேல இருக்கணும். "வேற வெரலு குடு." எம்பத்தஞ்சு. அடுத்த பொண்ணு மஞ்சு. அவளுக்கு நம்பரே வரல, வெறும் கோடு. அடுத்த பொண்ணு எம்பத்தொம்போது. பசங்கள கூப்ட்டு பாத்தேன். எல்லாம் தொண்ணூத்தெட்டு, தொண்ணூத்தொம்போது, ஜாலியா.

செல்வம் அண்ணன் எட்டிப் பாத்தாரு. "இன்னாம்மா டாக்டரம்மா, நம்ம ஊர்ல ஆம்பளைக்கு தனி காத்து, பொம்பளைக்கு தனி காத்தா உடறாங்க?"

"அண்ணே, நீங்க வேற, சும்மா இருங்க."

அதுக்குள்ள மஞ்சுவோட அம்மா போன எடுத்துட்டாங்க. மஞ்சு அம்மா எப்டின்னா, ஊர்ல ஆடு தும்முனா கூட வாட்ஸ்அப் குரூப்புக்கு தகவல் போயிடும். வாய்ஸ் பட்டன அமுக்கிக்கினு, "அல்லாரும் கேட்டுக்கோங்க, வேன்ல பொம்பள புள்ளைங்களுக்கு ஆக்சிஜன் எறங்கிடுச்சு, மொத வெண்ணிலாவுக்குத்தான் எறங்குச்சு, அவகிட்ட இருந்துதான் வந்துருக்குது"ன்னு அனுப்பிட்டாங்க. நான் "ஐயோ, அக்கா, இருங்க"ன்னு சொல்லி முடிக்கல, ரெண்டு டிக் விழுந்துடுச்சு.

அந்த கிளிப்ப என் வெரல்லயே மாட்டுனேன். எம்பத்திநாலு.

மிஸ்ஸுக்கு போன் போட்டேன். "மிஸ், நான் சாகப் போறேன் மிஸ்."

"மூச்சு வாங்குதா?"

"பயத்துல வாங்குது மிஸ்."

"பொண்ணுங்க இன்னா பண்றாங்க? கண்ணால பாத்து சொல்லு."

பாத்தேன். "அதிரசத்துக்கு சண்ட போட்டுக்கினு இருக்குதுங்க மிஸ்."

"எம்பத்தாறுல இருக்கற புள்ள அதிரசத்துக்கு சண்ட போடாது. பசங்களுக்கு இல்லாதது பொண்ணுங்களுக்கு இன்னா இருக்குது, பாரு."

ஸ்பீக்கர்ல கேட்டுக்கினு இருந்த செல்வம் அண்ணன், "கம்மலு" அப்டின்னாரு. அப்புறம் அவரே, "வாயி." நான் அவர மொறைக்கத் திரும்புனேன். கிளிப்பு மாட்டியிருந்த என் வெரலு கண்ணுல பட்டுச்சு. நகம், நுனி எல்லாம் கருப்பா தொப்பி போட்ட மாதிரி. அந்த தீபாவளிக்கு பஜார் ஃபேன்சி ஸ்டோர்ல புதுசா ஒரு கருப்பு மருதாணி கோன் வந்துருந்துச்சு. செவப்பா செவக்கறதெல்லாம் பழசு, இதுதான் ட்ரெண்டுன்னு ஊர்ல ஒரு பொண்ணு பாக்கி இல்ல, எல்லா கையும் கருப்பு. கிளிப்பு வெளிச்சத்த வெரலு உள்ள பாய்ச்சித்தான் கணக்கு போடுது. இந்த மை அந்த வெளிச்சத்த முழுங்கிடுச்சு. வெண்ணிலாவ ஷூவ கழட்டச் சொல்லி கால் கட்டவெரல்ல மாட்டுனேன். தொண்ணூத்தெட்டு.

நான் கத்துன கத்துல புளிய மரத்துல இருந்த காக்கா எல்லாம் பறந்துடுச்சு.

ஆனா வாய்ஸ் மெசேஜ் நம்ம வண்டிய விட வேகமா போவும். வயல்ல இருந்து ஆளுங்க ஓடி வந்தாங்க. அதுல வெண்ணிலாவோட நைனா ஏழுமலையும் வந்தாரு, கையில கருக்கருவா, முழங்கால் வரைக்கும் சேறு. நான் மருதாணி கதைய எவ்ளோ சொன்னாலும் அவரு காதுல ஏறல. அத்தன பேரு முன்னாடி தன் பொண்ணு பேரு ஏலம் போயிடுச்சுன்னு அவருக்கு. நான் டாக்டர் கணக்கா ஊர்ல பேசிக்கினு நின்னது வேற கடுப்பு. சத்தம் போடல, மெதுவாத்தான் சொன்னாரு. "ரெண்டு வருஷம் வூட்லதான் இருந்தா. எங்களோட கடல புடுங்குனா. ஒண்ணும் கெட்டுப் போவல. அவ அழுதான்னுதான் மறுபடி அனுப்பறேன். இன்னொரு தபா இப்டி ஆயி, இந்த வண்டி என் பொண்ண எறக்கி உட்டுச்சுன்னா, அதோட படிப்பு போதும்."

வெண்ணிலா அத கேட்டுக்கினே வண்டில ஏறுனா. அன்னிக்கு அவ சீட்டுல இன்னொரு ஓரத்துல யாரும் குந்தல. மஞ்சு அவளோட ஒட்டிப் பொறந்த மாதிரி சுத்துவா, அவளும் பின்னாடி போயிட்டா. அம்மா சொல்லிட்டாங்களாம். மருதாணின்னு எல்லாத்துக்கும் தெரிஞ்சுபோச்சு, மஞ்சு அம்மாவே குரூப்ல சிரிப்பு பொம்மையோட இன்னொரு மெசேஜ் போட்டாங்க. இருந்தாலும் அந்த எடம் காலியாவே கெடந்துச்சு.

அப்புறம் மார்கழி வந்துச்சு. காலைல பனி, எதிர்ல மாடு வந்தாலே தெரியாது. வேற ஊர்கள்ல மறுபடியும் கேஸ் ஏறுதுன்னு டிவில சொல்றான். ஸ்கூல மறுபடி மூடிடுவாங்களோன்னு எல்லாருக்கும் ஒரு கிலி.

ஒரு செவ்வாக்கெழம. வெண்ணிலா லைன்ல வந்தா. நான் கிளிப்ப எடுக்கறதுக்கு முன்னாடியே ரெண்டு கையையும் நீட்டுனா. பத்து வெரலும் கருப்பு, இன்னும் வாசன கூட போகல. "அக்கா, மருதாணிக்கா. மாட்டுனாலும், காட்டாது."

"சரி, கால காட்டு."

நின்னா. அப்புறம் மெதுவா ஷூவ கழட்டுனா, சாக்ஸ உருவுனா. கால் வெரலு எல்லாம் கருப்பு.

கல்யாணம் இல்ல, காட்சி இல்ல, பொங்கலுக்கு இன்னும் நாள் கெடக்குது. செவ்வாக்கெழம காலைல ஸ்கூல் போற புள்ள எதுக்கு கால் நகம் வரைக்கும் மருதாணி வெக்குது?

"எதுக்குடி கால்ல போட்ட?"

"சும்மா..." ஒரு மூச்சு. "...க்கா."

நான் மிஷின உள்ள வெச்சுட்டேன். ஆளப் பாத்தேன். மூச்சு இழுக்கும்போது தோளு ரெண்டும் மேல ஏறுது. கழுத்துக்குக் கீழ இருக்கற குழி உள்ள போயி வருது. உதடு பனில வெளுத்துருக்கா வேற மாதிரியான்னு தெரியல. மிஸ்ஸுக்கு அடிச்சேன். கண்ணால பாத்தத ஒண்ணொண்ணா சொன்னேன். அன்னிக்கு அவங்க அந்தக் கேள்விய கேக்கல.

"போன அவங்ககிட்ட குடு." ஸ்பீக்கர போட்டேன். "வெண்ணிலா, தர்ட்டீன்த் டேபிள் சொல்லுங்க பாப்போம். நிறுத்தாம."

மிஸ் கேட்டா சொல்லாம இருக்க முடியுமா? கையக் கட்டிக்கினா. "தர்ட்டீன் ஒன்ஸ் ஆர் தர்ட்டீன். தர்ட்டீன் டூஸ் ஆர்..." மூச்சு. "...ட்வென்ட்டி சிக்ஸ். தர்ட்டீன்..." மூச்சு. "...த்ரீஸ்..." அவ்ளோதான். தெரியாம நிக்கல. அவ கிளாஸ்லயே மேக்ஸ்ல ஃபர்ஸ்ட்டு. மூச்சுதான் பத்தல.

"ரேவதி, கேட்டியா?"

"கேட்டேன் மிஸ்."

வெண்ணிலா என் துப்பட்டாவ புடிச்சுக்கினா. "அக்கா, எறக்கி, உடாதீங்கக்கா. நைனா, நிறுத்திடும். நேத்துல இருந்துதான், இப்டி இருக்குது. மருதாணி இருந்தா, நீங்க மிஷின, நம்ப மாட்டீங்கல்ல? அதான், போட்டேன்." ஒவ்வொரு ரெண்டு வார்த்தைக்கும் நடுவுல ஒரு இழுப்பு. இம்மாம் புத்திய வெச்சுக்கினு, மூச்ச ஒளிக்க முடியும்னு நெனச்சிருக்குது பாருங்க. எனக்கு அழுகையும் வந்துச்சு, ஒரு பக்கம் பெருமையாவும் இருந்துச்சு.

இப்ப இன்னா பண்றது? ரூல் படி இவள ஏத்தக் கூடாது, உள்ள இருக்கறதுங்களுக்கு இன்னா ஆவும்? எறக்குனா அவ ஸ்கூல் வாழ்க்க அந்த புளிய மரத்தோட முடிஞ்சுது. ஆம்புலன்ஸ கூப்புடலாம், ஆனா அந்தப் பனில எப்ப வந்து சேருமோ, எங்ககிட்ட ஒரு வண்டி இஞ்சின் ஓடிக்கினு நிக்குது. மிஸ் எல்லாத்தையும் கேட்டுக்கினாங்க. அப்புறம் சொன்னாங்க.

"அவங்கள எறக்காத. மத்தவங்கள எறக்கு."

"மிஸ்?"

"எல்லாரையும் எறக்கு. வேற வண்டி அனுப்பறேன். ஆஸ்பத்திரிக்குப் போ. எல்லா ஜன்னலும் தொறந்துருக்கட்டும். எறங்கற புள்ளைய யாரு கையில குடுக்கறேன்னு பாத்து குடு."

செல்வம் அண்ணன் ஏற்கனவே கதவத் தொறந்துட்டாரு. பையும் டிபன் பாக்ஸுமா முணுமுணுத்துக்கினே எறங்குதுங்க. நான் ஒவ்வொண்ணோட கையையும் புடிச்சு ஒவ்வொரு பெரியவங்க கையில குடுக்கறேன். மஞ்சு அம்மா சும்மா இருப்பாங்களா?

"இன்னாடி ரேவதி, ஒரு புள்ளைக்காக இம்மாம் புள்ளைங்களும் பனில நிக்கணுமா? அவள எறக்குனா முடிஞ்சுது."

"அக்கா, உங்க மஞ்சு இப்டி இழுத்துக்கினு இருந்தா நான் யார எறக்கணும்? சொல்லுங்க, அவங்களையே எறக்கறேன்."

அவங்க மஞ்சுவ கூட்டிக்கினு மரத்தடிக்குப் போயிட்டாங்க. ஆனா போறப்ப பக்கத்துல நின்ன ஒரு தாத்தாகிட்ட, "போயி ஏழுமலைகிட்ட சொல்லுங்க, சைக்கிள எடுத்துக்கினு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க"ன்னு சொன்னது காதுல விழுந்துச்சு. அதுக்கு அன்னிக்கே தேங்ஸ் சொல்லியிருக்கணும். டைம் இல்ல.

காலி வண்டில நானும் அவளும். ஜன்னல் எல்லாம் தொறந்து பனி உள்ள வருது. செல்வம் அண்ணன் ஹாரன்ல கை வெச்சவரு எடுக்கவே இல்ல. வழக்கமா பள்ளத்துல குலுக்கி எடுப்பாரு, அன்னிக்கு ஒரு பள்ளம் கூட தெரியல. அவரு வாயில ஜோக்கே வரல, அதப் பாத்துதான் எனக்கு இன்னும் பயம் வந்துச்சு. வெண்ணிலா முன்னாடி குனிஞ்சு முழங்கால் மேல கைய ஊனிக்கினு குந்தினு இருந்தா. "பேசாத. வெளிய பாத்துக்கினு வா"ன்னேன். கோட்ட மல எதுவும் தெரியல, எல்லாம் வெள்ள. அவ அதையே பாத்துக்கினு வந்தா.

ஆஸ்பத்திரில ஜொரக் கேஸுக்கு தனி வாசல். நர்ஸக்கா ஒருத்தங்க, தலையில இருந்து கால் வரைக்கும் மூடிக்கினு, கண்ணு மட்டும்தான் தெரியுது. மருதாணிய பாத்துட்டு சிரிச்சாங்க, கண்ணுல தெரிஞ்சுது. பஞ்சுல எதையோ தொட்டு ஒரு நகத்த தேய்ச்சு தேய்ச்சு சுத்தம் பண்ணி கிளிப்ப மாட்டுனாங்க. நம்பர சொல்லல. நேரா மாஸ்க்க எடுத்து மாட்டி பொக பிடிக்க வெச்சாங்க, மருந்து பொக. மூக்குல குச்சி விட்டு டெஸ்ட்டுக்கு எடுத்தாங்க. டாக்டர் ஸ்டெத்த முதுகுல வெச்சு ரொம்ப நேரம் கேட்டாரு.

அந்த நேரத்துக்குத்தான் ஏழுமலை வந்து சேந்தாரு. சைக்கிள எங்க போட்டாருன்னு அவருக்கே தெரியாது. தலைமுடி, புருவம், தோள்ல இருந்த துண்டு எல்லாத்து மேலயும் செவப்பா தூசி. டாக்டர் அவர மேலயும் கீழயும் பாத்தாரு.

"இன்னா வேல செய்யறீங்க?"

"வெதக்கடல ஒடைக்கிறோம் சார். மிஷின் போட்டு."

"எங்க?"

"வூட்டு உள்ளதான் சார். வெளிய போட்டா பனில வெத கெட்டுப் பூடும்."

"பொண்ணு எங்க படுக்குது?"

ஏழுமலை, "அதே ரூம்லதா..."ன்னு சொல்லிக்கினே தன் துண்ட எடுத்துப் பாத்தாரு. அந்தத் தூசி தான் அவ நெஞ்ச புடிச்சிருக்குது. வீசிங். டெஸ்ட் ரிசல்ட் பின்னாடி வந்துச்சு, கொரோனா இல்ல. ஆனா அன்னிக்கு அது எங்களுக்குத் தெரியாது. டாக்டர் மட்டும், "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ரொம்ப கஷ்டமாயிருக்கும், நேரத்துக்கு வந்தீங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆளப் பாக்கப் போயிட்டாரு.

வெளிய மரத்தடில நானும் ஏழுமலையும் நின்னோம். அவரு என்னப் பாக்காம கேட்டாரு. "எறக்கி உட்டீங்களா?"

"இல்லண்ணே. அவ ஒருத்திய தான் ஏத்திக்கினு வந்தோம். மத்தவங்கள தான் எறக்குனோம்."

"மத்தவங்களன்னா?"

"அல்லாரையும்."

"அல்லாரையுமா?"

"அல்லாரையும்."

அவரு துண்ட ஒதறுனாரு. தூசி பறந்துச்சு. ஒடனே பயந்துபோய் ஆஸ்பத்திரி வாசலப் பாத்தாரு, உள்ள போயிடுமோன்னு. துண்ட சுருட்டி தூர இருந்த குப்பத் தொட்டில போட்டுட்டு வந்தாரு. 

மத்தியானம் நசீமா மிஸ் வந்தாங்க. மொத பீரியட்ல இருந்து கிளாஸ் எடுத்துட்டு, லஞ்ச்சுல ஷேர் ஆட்டோ புடிச்சு வந்துருக்காங்க. ஜன்னலாண்ட நின்னு வெண்ணிலாவப் பாத்தாங்க. அவ மாஸ்க்குக்குள்ள இருந்து கண்ண விரிச்சுக் காட்டுனா. மிஸ் கைய ஆட்டல, சிரிக்கல, கண்ணாடிய கழட்டித் தொடச்சாங்க. பையில இருந்து ஒரு டப்பாவ எடுத்து என் கையிலயும் ஏழுமலை கையிலயும் ஆளுக்குப் பாதி தக்காளி சாதம் வெச்சாங்க. "அவங்க மிச்ச டேபிள நாளைக்கு சொல்லட்டும், அவசரமில்ல"ன்னு சொல்லிட்டு மறுபடி ஆட்டோ ஏறிட்டாங்க.

இப்ப லேப்ல தெனம் எத்தனையோ மிஷின் முன்னாடி நிக்கறேன். ஒவ்வொண்ணு நம்பர் காட்டும்போதும் அதுக்குப் பின்னாடி ஒரு ஆள் இருக்குதேன்னு பாக்கத் தோணுது. அந்தப் பழக்கத்த எந்த காலேஜும் குடுக்கல, அந்த வேன் குடுத்துச்சு. செல்வம் அண்ணன், அந்த ஹாரனுக்கு தேங்ஸ். மஞ்சு அம்மா, அந்த சைக்கிள் தகவலுக்கு லேட்டா ஒரு தேங்ஸ், நீங்களும் இத குரூப்ல போட்டுக்கோங்க. நர்ஸக்கா, உங்க முகமே தெரியாது, பஜார்ல எதிர்ல வந்தா கூட தெரியாது, அதனால எதிர்ல வர்றவங்க எல்லாத்தையும் பாத்து சிரிச்சு வெக்கறேன். மிஸ்ஸுக்கு தேங்ஸ் சொன்னா "கண்ணால பாத்தியா"ம்பாங்க. பாத்தேன் மிஸ்.

கத இன்னும் முடியல. வெண்ணிலா தேறி வந்தா. இன்ஹேலர் குடுத்தாங்க, எப்டி இழுக்கணும்னு கத்துக்கினா. ஏழுமலை கடல மிஷின வேற எடத்துக்கு, களத்துக் கொட்டாய்க்கு மாத்திட்டாரு. ரிசல்ட்ட ஊர்ல எல்லாருக்கும் காட்டுனாரு. இருந்தாலும் ஸ்டாப்புல அம்மாங்க நாலு பேரு கூடிக்கினு, "கொஞ்ச நாள் போகட்டுமே, அந்தப் புள்ள அப்புறமா வரட்டுமே"ன்னு ஆரம்பிச்சாங்க. நான் பேச வாயத் தொறந்தேன். அதுக்குள்ள ஏழுமலை பொண்ணுக்குப் பின்னாடியே வண்டில ஏறிட்டாரு. வெள்ள வேட்டி, புது துண்டு, மாஸ்க்கு. வெண்ணிலா சீட்டுல இன்னொரு ஓரத்துல போயி குந்துனாரு. கால வெக்க எடமில்ல, முழங்கால் மோவாய இடிக்குது.

"நான் குந்துறேன் என் பொண்ணாண்ட. எனக்கு எதுனா வந்துச்சுன்னா, அப்ப பேசுங்க."

செல்வம் அண்ணன் என்னப் பாத்தாரு. நான் மிஸ்ஸுக்கு போன் போட்டேன். மிஸ் சொன்னாங்க, "பெத்தவங்க வரக் கூடாதுன்னு ரூல்ல எங்கயும் இல்ல. டெம்பரேச்சர் பாத்தியா?" பாத்தேன், கன்னப்பொறில.

வழி பூரா அவரு வயலுங்களப் பத்தி வெளக்கம் சொல்லிக்கினே வந்தாரு, யாரு நெலத்துல தண்ணி நிக்குது, யாரு களை எடுக்கல, எல்லாம். பின் சீட்டு பசங்க வாயப் பொத்திக்கினு சிரிச்சானுங்க. வெண்ணிலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கினா, வெக்கம் புடுங்குது அவளுக்கு. ஸ்கூல் வந்ததும் அவரு கேட்டுக்கு உள்ள வரல. வெளிய நின்னு, பெல் அடிச்சு புள்ளைங்க எல்லாம் கிளாஸுக்குள்ள போற வரைக்கும் பாத்துக்கினு இருந்தாரு. அப்புறம் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போயிட்டாரு.

மறுநாளும் வந்தாரு. அதுக்கு அடுத்த நாளும். செல்வம் அண்ணனுக்கு பழைய வாய் திரும்பி வந்துடுச்சு. "இன்னாப்பா ஏழுமல, யூனிபார்ம் தைக்க குடுத்துட்டியா? இந்த வருஷமாவது எட்டாவது பாஸ் பண்ணிடு." ஏழுமலையும் உடல. "நீ மொதல்ல கியர ஒழுங்கா போடு, அப்புறம் பரீட்சைய பத்தி பேசலாம்."

அந்த வாரக் கடைசில ஒரு நாள். எல்லாம் ஏறியாச்சு. நான் கதவாண்ட நிக்கறேன். மஞ்சு கடைசியா ஏறுனா. பின்னாடி அவ எடத்துக்குப் போவான்னு பாத்தேன். போகல. வெண்ணிலா சீட்டாண்ட வந்து, பைய முன்னாடி கட்டிப் புடிச்சுக்கினு நின்னா.

"மாமா, எந்திரிங்க. அது என் எடம்."

பின் சீட்டு பசங்க எட்டிப் பாத்தானுங்க. ஏழுமலை ஜன்னல் வழியா வெளிய பாத்தாரு. கீழ மஞ்சு அம்மா நிக்கறாங்க, கையில போனு. நானும் பாத்தேன். இப்ப இன்னா சொல்லப் போறாங்களோ? அவங்க போன முந்தானைல சொருகுனாங்க.

"எந்திரிய்யா, புள்ள எம்மாம் நேரம் நிக்கும்?"

ஏழுமலை முழங்கால ஒவ்வொண்ணா வெளிய எடுத்தாரு. துண்டால சீட்ட ஒரு தபா தட்டிவிட்டாரு. எறங்குனாரு. மஞ்சு ஓரத்துல குந்துனா, நடு எடம் காலி, அந்தப் பக்கம் வெண்ணிலா. ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்துக்கல. வண்டி கெளம்பறதுக்குள்ள நடு எடத்துல ரெண்டு டிபன் பாக்ஸும் வந்து குந்திடுச்சு.

கீழ ஏழுமலை கண்டக்டரு கணக்கா வண்டிய ரெண்டு தட்டு தட்டுனாரு.

"போலாம், ரைட்."